மழைக்கு முன்னே மதகுக்கு ஒரு பரீட்சை!

ஆவடியை ஒட்டி, விமானப்படை நிலையம் இருக்கும் ஊர் முத்தாபுதுப்பேட்டை. அந்த ஊரை நடுவில் வைத்து மேப்பில் ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். மேற்கே பூண்டி, கிழக்கே புழல், வடகிழக்கே சோழவரம், தெற்கே செம்பரம்பாக்கம். சென்னையின் தாகம் தீர்க்கும் நான்கு பெரிய ஏரிகளும் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். இடையிடையே பருத்திப்பட்டு, அயப்பாக்கம், அம்பத்தூர், கொரட்டூர் என்று ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் சின்ன ஏரிகள். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் குடியிருப்பவர்கள் எந்தத் திசையில் போனாலும் ஏதோ ஓர் ஏரிக்கரையில்தான் போய் நிற்க வேண்டும்.

அதனால்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் இந்தப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்வி சுற்றிச் சுற்றி வரும். ‘செம்பரம்பாக்கம் எத்தனை அடி? திறந்துட்டாங்களா?’ 22 அடி என்றால் ஒரு மனநிலை, 23 அடி என்றால் இன்னொன்று. டி.வி-யில் ‘விநாடிக்கு இத்தனை கன அடி’ என்று ஓடும் எழுத்துகளைப் பார்த்தபடியே கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் ஃபிரிட்ஜைத் தூக்கி மேலே வைப்பதா, வேண்டாமா என்று யோசிப்பார்கள்.

இந்த எண்களுக்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. திறக்க வேண்டும் என்று முடிவெடுத்த அந்த நிமிடத்தில், மதகு திறக்குமா? மூட வேண்டும் என்றால் மூடுமா? வருடத்தில் பத்து மாதங்கள் சும்மா நிற்கும் ஓர் இரும்புக் கதவு, கொட்டும் மழையில், கரன்ட் இல்லாத நள்ளிரவில், சொன்ன பேச்சைக் கேட்குமா? இதற்குப் பதில் மழைக்காலத்தில் கிடைக்கக் கூடாது. அதற்கு முன்பே, வெயில் காயும் நாள்களிலேயே தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் ஆண்டுதோறும் மதகுகளுக்குப் பரிசோதனை நடத்துகிறார்கள்.

பாசனத்துக்காகப் பிறந்தவை

இன்று குடிநீர் ஏரி என்று சொல்லும் செம்பரம்பாக்கம், அடிப்படையில் ஒரு பழைய பாசன ஏரி. அதன் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, அதாவது ஏறக்குறைய 10,300 கோடி லிட்டர். பூண்டி 35 அடி, 3,231 மில்லியன் கன அடி. 1944-ல் கட்டி முடிக்கப்பட்ட அந்த நீர்த்தேக்கத்துக்கு, அதற்காகப் பாடுபட்ட சென்னை மேயர் சத்தியமூர்த்தியின் பெயர். புழல் 3,300, சோழவரம் 1,081 மில்லியன் கன அடி. ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியே வரும் கிருஷ்ணா நீர், பூண்டிக்கு வந்து சேர்ந்து, அங்கிருந்து மற்ற ஏரிகளுக்குப் பிரிந்து போகிறது.

ஏரிகளைச் சும்மா விட்டுவிட முடியாது என்பது தமிழர்களுக்குப் புதிதாகத் தெரிந்த விஷயமல்ல. இதே வடதமிழகத்தில், உத்திரமேரூரில், பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு ஊராட்சியில் ‘ஏரி வாரியம்’ என்று ஒரு தனிக் குழுவைக் குறிப்பிடுகிறது. ஏறக்குறைய 1,100 ஆண்டுகளுக்கு முன்பே ஏரியைக் கவனிப்பதற்கென்று ஆள்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஏரிக்குள் நட்டுவைத்த குமிழித் தூம்பைத் திறக்க, ஒருவர் நீருக்குள் மூழ்கிப் போய் அடைப்பை எடுக்க வேண்டியிருந்த காலம் அது. பிற்காலத்தில் எந்த வயலுக்கு எப்போது நீர் விடுவது என்று பார்த்துக்கொள்ள நீர்க்கட்டிகள் இருந்தார்கள். மழைக்கு முன் ஊரே கூடி மடையையும் கரையையும் பார்த்துச் செப்பனிடுவதற்குக் குடிமராமத்து என்று பெயர்.

அன்றைக்குத் தூம்புக்கல். இன்றைக்கு ஷட்டர், மோட்டார், கியர் பெட்டி, கன்ட்ரோல் பேனல், சென்சார். பாகங்கள் கூடக் கூட, பழுதாகக்கூடிய இடங்களும் கூடிவிட்டன. அதனால் பரிசோதனையும் நீண்டுவிட்டது.

டாக்டர் செக்கப் மாதிரிதான்

மதகுப் பரிசோதனையை ஒரு மாஸ்டர் ஹெல்த் செக்கப்போடு ஒப்பிடலாம். முதலில் கண்ணால் பார்ப்பது. ஷட்டரில் துரு எங்கே ஏறியிருக்கிறது? ஓரத்து ரப்பர் சீல் வெடித்திருக்கிறதா? ஷட்டரைத் தூக்கும் இரும்பு ரோப்பில் ஓர் இழையாவது அறுந்து நீட்டிக்கொண்டிருக்கிறதா? சங்கிலியாக இருந்தால் கண்ணி தேய்ந்திருக்கிறதா? ஷட்டர் ஏறி இறங்கும் பள்ளத்தில் மரக்கிளை, பிளாஸ்டிக், ஆகாயத்தாமரை எதுவும் சிக்கியிருக்கிறதா? பிறகுதான் கிரீஸ், பெயின்ட்.

அடுத்தது மோட்டார். பல மாதங்கள் ஈரக்காற்றில் கிடந்த மோட்டாருக்கு எடுத்த எடுப்பில் கரன்ட் கொடுக்க மாட்டார்கள். மெக்கர் என்ற கருவியால் சுருளின் மின்காப்பைச் சோதிப்பார்கள். அளவு 1 மெகா ஓமுக்குக் கீழே இறங்கியிருந்தால் உள்ளே ஈரம் ஏறியிருக்கிறது என்று பொருள். அப்படியே ஓட்டினால் புகைந்துவிடும்.

மோட்டார் ஓடத் தொடங்கியதும் பார்க்க வேண்டியது ஆம்பியர் மீட்டர். மனிதனுக்கு நாடி எப்படியோ, மதகுக்கு இது அப்படி. சென்ற ஆண்டு ஷட்டரைத் தூக்க இழுத்த கரன்டைவிட இந்த ஆண்டு அதிகமாக இழுக்கிறதா? ஷட்டர் எங்கோ உராய்கிறது. திடீரென்று குறைகிறதா? ரோப் தளர்ந்திருக்கலாம், ஒரு பக்கத்து ரோப் மட்டும் சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கலாம். இதைக் கண்டுபிடிக்கச் சென்ற ஆண்டின் எண் கையில் இருக்க வேண்டும். ஆகவே, பரிசோதனையில் முக்கியமான கருவிகளில் ஒன்று பழைய பதிவேடு!

மூன்றாவது, லிமிட் சுவிட்ச். ஷட்டர் உச்சிக்குப் போனதும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் சின்னக் கருவி. இது வேலை செய்யாவிட்டால் மோட்டார் நிற்காமல் இழுத்து ரோப்பை அறுத்துவிடும். இதில் இன்னொரு வம்பும் உண்டு. மும்முனை மின்சாரத்தில் இரண்டு ஒயர்கள் இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். ‘ஏற்று’ என்ற பட்டனை அழுத்தினால் ஷட்டர் இறங்கும்! கேபிள் மாற்றிய பிறகோ, புது ஜெனரேட்டர் வைத்த பிறகோ இப்படி நடக்க வாய்ப்பு அதிகம். அப்போது லிமிட் சுவிட்சும் தவறான முனையில் காத்துக்கொண்டிருக்கும். அதனால் ஒயரில் கைவைத்த ஒவ்வொரு முறையும், ஷட்டரைக் கொஞ்சம் மட்டும் நகர்த்தித் திசையைப் பார்க்க வேண்டும்.

நான்காவது, டீசல் ஜெனரேட்டர். அதை ஸ்டார்ட் செய்து ‘டுபுடுபு’ என்று ஓடுவதைப் பார்த்துத் திருப்தி அடைந்தால் போதாது. மெயின் மின்சாரத்தை நிஜமாகவே நிறுத்திவிட்டு, ஜெனரேட்டரின் பலத்தில் ஷட்டரைத் தூக்கிப் பார்க்க வேண்டும். சும்மா ஓடும் ஜெனரேட்டர், சுமை ஏறியதும் இருமிக்கொண்டு நின்றுவிடலாம்.

ஐந்தாவது, கைப்பிடி. கரன்டும் இல்லை, ஜெனரேட்டரும் இல்லை என்றால் ஆள்கள்தான் சுற்ற வேண்டும். ஓர் அடி உயர்த்த எத்தனை சுற்று, எத்தனை பேர், எத்தனை நிமிடம்? இந்தக் கணக்கு முன்கூட்டியே தெரிந்தால்தான் எத்தனை பேரைப் பணியில் வைப்பது என்று முடிவெடுக்க முடியும்.

அளவுகோல் பொய் சொல்லலாம்

நீர்மட்டத்தைக் காட்டும் சென்சார் இப்போது பல இடங்களில் வந்துவிட்டது. அலுவலகத்தில் இருந்தபடியே திரையில் அடி, அங்குலம் தெரியும். ஆனால், ஏரிக்கரையில் பெயின்ட் அடித்த பழைய அளவுகோல் காட்டும் எண்ணும், திரையில் தெரியும் எண்ணும் ஒன்றா என்று ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

பார்க்காவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் டாம் சாக் என்ற நீர்மின் நிலையம். மலையுச்சியில் ஒரு நீர்த்தேக்கம். இரவில் பம்ப் மூலம் நீரை மேலே ஏற்றி, பகலில் இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். நீர்மட்டம் அளக்கும் கருவிகள் இருந்த குழாய்கள் கட்டவிழ்ந்து வளைந்துவிட்டன. அதனால் உண்மையான மட்டத்தைவிடக் குறைவாகவே காட்டின. ‘நிரம்பிவிட்டது’ என்று சொல்ல வேண்டிய அவசர சென்சார்களோ கரையின் தாழ்வான இடத்தைவிட உயரத்தில் பொருத்தப்பட்டிருந்தன. 2005 டிசம்பர் 14 அதிகாலை, பம்ப் நிற்கவே இல்லை. நீர் கரையைத் தாண்டி வழிந்து, கரையே உடைந்தது. ஏறக்குறைய 380 கோடி லிட்டர் நீர் அரை மணி நேரத்துக்குள் மலையிலிருந்து இறங்கியது. அடிவாரப் பூங்காவின் கண்காணிப்பாளர் வீடு அடித்துச் செல்லப்பட்டது. மூன்று குழந்தைகளோடு அந்தக் குடும்பம் உயிர் தப்பியது.

ஆள் போய் எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் விஷயம். திரையை மட்டும் நம்பியதில் வந்த வினை.

தவறிய பரீட்சைகள்

மதகுகளின் வரலாற்றில் இப்படிப் பாடங்கள் ஏராளம்.

ஸ்பெயினின் வலென்சியா பகுதியில் ஹூகார் ஆற்றின் மேல் தோவுஸ் அணை. 1982 அக்டோபர் 20 அன்று பேய்மழை. மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டர்கள் கைகொடுக்கவில்லை. கையால் திறக்க முயன்றும் மதகுகள் அசையவில்லை. திறக்காத மதகுகளுக்குப் பின்னால் நீர் ஏறிக்கொண்டே போய், அணையின் மேல் வழிந்து, மண்ணாலான பகுதி கரைந்து உடைந்தது. கீழே இருந்த ஊர்களிலிருந்து ஏராளமானோர் வெளியேற வேண்டியிருந்தது. ‘ஜெனரேட்டரைச் சுமையோடு ஓட்டிப் பார்’ என்ற விதிக்குப் பின்னால் இப்படிப்பட்ட இரவுகள் இருக்கின்றன.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஃபால்சம் அணை. 1995 ஜூலை 17. வெயில் நாள். வெள்ளமும் இல்லை, புயலும் இல்லை. வழக்கம்போல ஒரு ஷட்டரை இயக்கியபோது அது அப்படியே பிய்த்துக்கொண்டு போனது. விநாடிக்கு ஏறக்குறைய 40,000 கன அடி நீர் பாய்ந்தது. காரணம் தேடியபோது, ஷட்டர் சுழலும் அச்சாணியில் துரு ஏறி உராய்வு கூடியிருந்தது தெரிந்தது. அந்த உராய்வைத் தாங்கும் பலம் ஷட்டரின் கைகளுக்கு இல்லை. கிரீஸ் சரியாகப் போடாததும் அதில் ஒரு காரணம். ஒரு டப்பா கிரீஸின் விலை என்ன என்று அன்றைக்கு உலகத்துப் பொறியாளர்கள் எல்லோரும் யோசித்திருப்பார்கள்.

நம் ஊரிலும் பட்டியல் உண்டு. 2017 நவம்பர் 29 அன்று கிருஷ்ணகிரி அணையில் எட்டு ஷட்டர்களில் முதலாவது உடைந்தது. அணை கட்டி ஏறக்குறைய 60 ஆண்டுகள். நிரம்பி நின்ற நீர், தென்பெண்ணையில் இறங்கியது. கரையோர மாவட்டங்கள் முழுவதும் எச்சரிக்கை.

2018 ஆகஸ்ட் 22 இரவு, திருச்சி முக்கொம்பில் கொள்ளிடம் அணையின் ஒன்பது மதகுகள் தூண்களோடு அடித்துச் செல்லப்பட்டன. ஆர்தர் காட்டன் 1836-ல் கட்டிய அணை அது. பல நாள்கள் தொடர்ந்து வெள்ளம் பாய்ந்தபின் இது நடந்தது. ஷட்டர் ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பார்த்தால் தூணின் அடியில் மண் அரித்திருப்பது தெரியாது. நீருக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத இடத்தையும் சோதிக்க வேண்டும் என்பது முக்கொம்பு சொன்ன பாடம்.

2022 செப்டம்பர் 21 அதிகாலை, பரம்பிக்குளம் அணை. மூன்று ஷட்டர்களில் நடுவில் இருந்ததைத் தாங்கும் எதிர் எடையின் சங்கிலி அறுந்தது. ஷட்டர் போய், விநாடிக்கு ஏறக்குறைய 20,000 கன அடி நீர் சாலக்குடி ஆற்றை நோக்கிப் பாய்ந்தது. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து வயல்களுக்குப் போக வேண்டிய நீர் அது.

2024 ஆகஸ்ட் 10 இரவு, துங்கபத்ரா அணை. 33 மதகுகளில் 19-வது மதகின் சங்கிலி அறுந்து ஷட்டர் காணாமல் போனது. அணை கிட்டத்தட்ட நிரம்பியிருந்த நேரம். கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா விவசாயிகள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். மதகு நிபுணர் கண்ணையா நாயுடுவின் வழிகாட்டுதலில், ஓடும் நீரிலேயே இரும்புத் தடுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி ஒரு வாரத்தில் அடைத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் இரண்டு அணைகள், இரண்டிலும் அறுந்தது சங்கிலி!

இதற்கென்று சட்டமும் இருக்கிறது. 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம், பெரிய அணைகளைப் பருவமழைக்கு முன்பு ஒரு முறையும் பின்பு ஒரு முறையும் கட்டாயம் ஆய்வு செய்ய வேண்டும் என்கிறது.

காய்ந்த ஏரியில் பாஸ்... நிறைந்த ஏரியில்?

இந்தப் பரிசோதனையில் ஒரு சிக்கல் உண்டு. ஏரி வற்றிக்கிடக்கும்போது ஷட்டர் சுலபமாக ஏறும். ஏனென்றால், அதைத் தள்ளிக்கொண்டு நிற்க நீர் இல்லை. நீர் நிறைந்ததும் அதே ஷட்டரை நீரின் எடை தூணோடு சேர்த்து அழுத்தும். உராய்வு பல மடங்கு கூடும். வெயிலில் பாஸ் ஆன மதகு, மழையில் ஃபெயில் ஆகலாம்.

அதற்காக, நிறைந்த அணையில் ஷட்டரை முழுவதும் திறந்து பார்க்கவும் முடியாது. இருக்கும் நீர் போய்விடும், கீழே இருப்பவர்களுக்கும் ஆபத்து. ஆகவே இரண்டு கட்டமாகச் செய்வார்கள். முதலில் நீர் இல்லாதபோதோ, முன்னால் தடுப்புப் பலகைகளை இறக்கிவிட்டோ முழு ஏற்றம், முழு இறக்கம். அப்புறம் நீர் ஓரளவு நிற்கும்போது, முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு, சில அங்குலம் மட்டும் திறந்து மூடுவது. அந்தச் சில அங்குலத்திலேயே ஆம்பியர் மீட்டர் உண்மையைச் சொல்லிவிடும்.

கதவு திறந்தது... தகவல் வந்ததா?

2015 டிசம்பர் 1. மேற்குச் சென்னைவாசிகள் மறக்க முடியாத நாள். ஒரே நாளில் செம்பரம்பாக்கம் வட்டாரத்தில் 47 சென்டிமீட்டர் மழை. மாலைக்குள் ஏரியிலிருந்து வெளியேறிய நீர் விநாடிக்கு 29,000 கன அடியைத் தொட்டது. 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளில் கணக்கிட்டால் விநாடிக்கு 68 லாரி! அடையாற்றின் இரு கரையிலும் வீடுகள் மூழ்கின.

அன்று மதகுகள் திறந்தன. பழுது என்று யாரும் சொல்லவில்லை. சர்ச்சை எழுந்தது வேறு விஷயத்தில். எப்போது, எவ்வளவு திறப்பது என்ற முடிவு சரியான நேரத்தில் எடுக்கப்பட்டதா? கீழே இருந்தவர்களுக்கு எச்சரிக்கை உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்ததா? இந்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கையும் நீர் வெளியேற்றிய விதத்தைக் குறை கூறியது. அரசுத் தரப்பு விளக்கம் அதிலிருந்து மாறுபட்டது. ஆனால், ஒன்றில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. நள்ளிரவில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த பிறகுதான் விஷயம் தெரிந்தவர்கள் ஏராளம்.

ஆக, மதகின் கட்டுப்பாட்டு அமைப்பு மோட்டாரோடு முடிந்துவிடுவதில்லை. மழையை அளக்கும் கருவி, நீர்வரத்தைக் கணக்கிடும் பொறியாளர், உத்தரவு கொடுக்கும் அதிகாரி, பட்டனை அழுத்தும் ஊழியர், ஒலிக்க வேண்டிய சைரன், கரையோரத்தில் இருக்கும் ஒரு பாட்டியின் கையில் உள்ள செல்போன் வரை ஒரே சங்கிலி. பரம்பிக்குளத்தில் அறுந்தது இரும்புக் கண்ணி. தகவல் கண்ணி அறுந்தாலும் விளைவு அதேதான்.

2023-ல் செல்போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வித்தியாசமாக அலறி, ‘இது சோதனைச் செய்தி’ என்று காட்டியது ஞாபகம் இருக்கிறதா? பயந்துபோய் அணைத்தவர்களும் உண்டு. தொலைத்தொடர்புத் துறையும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் சேர்ந்து நடத்திய பரிசோதனை அது. குறிப்பிட்ட டவர்களின் எல்லைக்குள் இருக்கும் போன்களுக்கு மட்டும் எச்சரிக்கை அனுப்பும் முறை. மதகுச் சங்கிலியின் கடைசிக் கண்ணியை இழுத்துப் பார்த்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த முறை அப்படி அலறினால் எரிச்சல்படாமல் ஒரு நொடி படித்துப் பாருங்கள். உங்கள் போன் மட்டும் அலறாமல் இருந்தால், செட்டிங்ஸில் அவசர எச்சரிக்கை அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

வயலுக்கும் வீட்டுக்கும் இதே விதிதான்

மேற்குப் புறநகரில் வயல்கள் மனைகளாகிக்கொண்டிருந்தாலும், திருவள்ளூர் பக்கம் போகப் போக இன்னமும் நெல்லும் காய்கறியும் பூவும் உண்டு. தமிழ்நாட்டில் சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவிகிதமும், மற்றவர்களுக்கு 75 சதவிகிதமும் மானியம். செல்போனில் மோட்டாரை இயக்கும் கருவிக்கும் வேளாண் பொறியியல் துறையில் மானியம் இருக்கிறது. கருவி வந்துவிட்டது. சோதிக்கும் பழக்கம் வந்திருக்கிறதா?

சொட்டுநீர் வைத்திருப்பவர்கள் ஒரு டம்ளரை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 4 லிட்டர் சொட்டும் டிரிப்பர் என்றால் மூன்று நிமிடத்தில் 200 மில்லி, ஏறக்குறைய ஒரு டம்ளர் வர வேண்டும். குழாயின் முதல் டிரிப்பரில் ஒரு முறை, கடைசி டிரிப்பரில் ஒரு முறை பிடித்துப் பாருங்கள். கடைசியில் பாதி டம்ளர்தான் வருகிறது என்றால் குழாயில் உப்போ பாசியோ அடைத்திருக்கிறது, அல்லது அழுத்தம் போதவில்லை. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் இருக்கும் பிரஷர் மீட்டர்களில் வித்தியாசம் வழக்கத்தைவிடக் கூடினால் ஃபில்டரைக் கழுவும் நேரம் வந்துவிட்டது. குழாயின் கடைசி மூடியைத் திறந்துவிட்டுத் தெளிந்த நீர் வரும்வரை ஓட விடுங்கள்.

செல்போன் ஸ்டார்ட்டர் இருந்தால் ‘ஆஃப்’ என்று கட்டளை கொடுத்துவிட்டு, பதில் செய்தியை மட்டும் நம்பாமல் ஒரு முறையாவது மோட்டார் பக்கத்தில் நின்று பாருங்கள். பெட்டிக்குள் இருக்கும் சிம் கார்டுக்கு ரீசார்ஜ் முடிந்துவிட்டதா? மழைக்காலத்தில் வயலில் நீர் தேங்கி நிற்கும்போதுதான் பலருக்கு இது தெரியவரும். கரன்ட் போய் வந்தால் மோட்டார் தானாக ஓடும்படி வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால், பழுது பார்க்க இறங்கும் முன் மெயினை நிறுத்தாமல் கைவைக்கவே கூடாது.

வயலே இல்லாதவர்களுக்கும் ஒரு மதகு உண்டு. மொட்டைமாடித் தொட்டி! தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் மிதவை சுவிட்சை, உலர்ந்த குச்சியால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். கீழே மோட்டார் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால், தண்ணீர் வழிந்து ஓடிய பிறகு பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியும். சம்ப்பில் நீர் இல்லாதபோது மோட்டார் ஓடாமல் தடுக்கும் கருவியையும் எலெக்ட்ரீஷியனை வைத்து ஆண்டுக்கு ஒரு முறை சோதிப்பது நல்லது. மோட்டார் காயில் எரிந்தால் ஆகும் செலவைவிட அது மிச்சம்.

உங்கள் தெருக் கோடியில் இருக்கும் ஏரி

பெரிய ஏரிகளைப் பார்த்துக்கொள்ள நீர்வளத் துறையும் பொறியாளர்களும் இருக்கிறார்கள். டி.வி கேமராக்களும் அங்கேதான் போகும். சின்ன ஏரிகளின் கதை வேறு. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூருக்கு, கொரட்டூர் நிரம்பினால் ரெட்டேரிக்கு என்று சங்கிலித் தொடராக ஓட வேண்டிய நீர் அது. இடையில் ஒரு கலங்கலில் குப்பை அடைத்தால், ஒரு கால்வாயில் கட்டடம் எழும்பினால், நீர் தெருவுக்குத்தான் வரும். வந்திருக்கிறது.

வயல் இருந்த காலத்தில் அந்த மதகைத் திறக்க ஆள் இருந்தது. நீர் யாருக்குத் தேவையோ அவர்களே கவனித்தார்கள். இப்போது வயல் இல்லை, நீர்க்கட்டியும் இல்லை. பாசனம் போன பிறகும் மதகு மட்டும் நிற்கிறது, கேட்பாரற்று. ஆனால், வெள்ளம் வடிவதற்கு அந்த ஒரே வாசல்தான் வழி.

செப்டம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் குடியிருப்போர் சங்கத்தைச் சேர்ந்த நான்கு பேர் ஏரிக்கரையில் ஒரு நடை போனால் போதும். பார்க்க வேண்டியவை நான்கே. கலங்கல் அடைபடாமல் இருக்கிறதா, மதகின் ஷட்டரும் கைப்பிடியும் இருக்கின்றனவா, இல்லை திருடுபோய்விட்டனவா, வெளியேறும் கால்வாய் அடுத்த ஏரிவரை தொடர்கிறதா, கரையில் எங்காவது நீர் கசிந்த தடம் தெரிகிறதா. மதகில் கைவைக்க வேண்டாம், அது துறையின் வேலை. போனில் நான்கு படம் எடுங்கள். தேதியோடு மாநகராட்சிக்கும் நீர்வளத் துறைக்கும் மனுவாகக் கொடுங்கள். அடுத்த ஆண்டும் அதே இடத்தில் நின்று அதே நான்கு படங்களை எடுங்கள். சென்ற ஆண்டுப் படத்தோடு ஒப்பிட்டால், எது கெட்டுக்கொண்டே போகிறது என்பது பொறியாளர் இல்லாமலே புரிந்துவிடும்.

அக்டோபர் மூன்றாவது வாரத்தில் வானம் இருட்டத் தொடங்கும். அதற்கு முன் செய்துவிட வேண்டிய வேலை இது.